விலை போடாத வடை

2024 ஜூலை 13, சனிக்கிழமை. விடியும் முன்பே தூறல் தொடங்கியிருந்தது. ஐந்தரைக்கு எழுந்தேன். பால்காரர் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போன பையை எடுத்துப் பாலைக் காய்ச்சினேன். டிகாஷன் இறங்கும்வரை பால்கனிச் செடிகளில் பழுத்த இலைகளைக் கிள்ளினேன். மழை நாளில் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. அந்த நேரத்தில் கொடித்துணிகளை இடம் மாற்றினேன். புனேயில் ஜூலை மாதம் துணி காய வைப்பது தனி நிர்வாகம். புதிதாகத் துவைத்தவை மின்விசிறிக்கு நேரே, பாதி காய்ந்தவை சுவரோரம் என்று எனக்கு ஒரு முறை உண்டு. கணவர் அலுவலக வேலையாக நாக்பூர் போயிருந்ததால் துணியும் குறைவு, கேள்விகளும் குறைவு. காப்பியோடு உட்கார்ந்து முந்தைய நாளின் குறிப்பை எழுதினேன். நான் டைரியை இரவில் எழுதுவதில்லை. ஒரு நாள் ஆறிய பிறகுதான் அதில் எது எழுதத் தக்கது என்று தெரிகிறது.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. சனிக்கிழமை விடுமுறை. வாரத்துக்கான புடவைகளை இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டு, வானவடியிலிருந்து ஸ்கூட்டரில் கோந்த்வாவில் இருக்கும் தம்பியின் டிபன் கடைக்குப் போவேன். அங்கே பொங்கல் சாப்பிடுவேன், தம்பி மனைவியோடு பேசுவேன், வரும் வழியில் காய்கறி வாங்குவேன். அன்றும் அப்படித்தான் கிளம்பினேன்.

கடை சிறியது. நான்கு மேசை, ஒரு கல்லா, பின்னால் சமையலறை. தம்பி முன்பு ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கேன்டீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வேலையை விட்டு இந்தக் கடையை வைத்தது மனைவியின் கைமணத்தை நம்பி. எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அவளும் அந்தப் பக்கம்தான். எண்ணெய் குடிக்காத உளுந்து வடை, தேங்காய் முந்தும் சட்னி, எல்லாம் அந்த ஊர்க் கணக்கு.

அந்த ஊர்க் கணக்கில் கொசுறும் உண்டு. பார்சல் கட்டி முடித்துக் காசு வாங்கிய பிறகு அவள் வாங்குகிறவர் முகத்தை ஒரு தரம் பார்ப்பாள். பள்ளிச் சீருடையில் இருக்கும் பிள்ளைக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டித் தோசை. மழையில் நனைந்து வந்த ரிக்ஷாக்காரருக்கு ஒரு கரண்டி சுடுசாம்பார். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் எலுமிச்சை அளவில் ஒரு சின்ன வடை. யாருக்கு எது என்பதற்கு விதி கிடையாது. ஒரே விதி, வீட்டு ஆட்களுக்குக் கொசுறு இல்லை. எனக்கு இதுவரை ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. "நீங்க சாப்பிடுததே சும்மா, அதுக்கு மேல கொசுறு வேறயா மைனி?" என்பாள்.

கல்லாவின் மேல் ஒரு டேப்லெட் சாய்த்து வைத்திருக்கும். வீட்டிலிருந்தபடியே சாப்பாடு வரவழைக்கும் செயலி ஒன்றில் யாராவது ஆர்டர் செய்தால் அதில் மணி அடிக்கும். கடைக்கு வரும் ஆர்டர்களில் பாதிக்கு மேல் அந்த மணியிலிருந்துதான். ஞாயிறு காலையில் அது ஓயவே ஓயாது.

அன்று நான் போனபோது தம்பி டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"யக்கா, இதக் கொஞ்சம் படி. இங்கிலீசு புரியுது. என்ன சொல்ல வாரான்னுதான் புரியல."

படித்தேன். செயலியில் உள்ள விலையைவிடக் குறைந்த விலையோ, கூடுதல் பலனோ வேறு எந்த வழியிலும் வாடிக்கையாளருக்குத் தரக் கூடாது. கடையின் சொந்தக் கல்லாவும் இதில் சேரும். இதை இன்று மாலை ஏழு மணிக்குள் ஏற்றால் கடை இப்போதிருக்கும் இடத்தில் தொடரும். ஏற்காவிட்டால் பட்டியலில் இடம் மாறக்கூடும். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'ஏற்கிறேன்'. மற்றது 'பிறகு நினைவூட்டு'. மறுக்கிறேன் என்று சொல்ல ஒரு பொத்தானும் இல்லை.

"இடம் மாறும்னா கீழ தள்ளிருவான்," என்றான் தம்பி. "பசியில இருக்கவன் மூணாவது கடைக்குக் கீழ விரலத் தள்ள மாட்டான். நம்மள எவனும் பாக்க மாட்டான்."

"விலைதான் ரெண்டு இடத்துலயும் ஒண்ணா இருக்கே?" என்று கேட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். செயலி ஒவ்வோர் ஆர்டரிலும் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் தம்பி முதலில் அதில் மட்டும் விலையைக் கூட்டி வைத்திருந்தான். இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதும் கடைப் பலகையிலும் விலையை ஏற்றினான். பலகையை அழித்து எழுதிய அன்று அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"விலை இல்ல யக்கா. வடை." கைபேசியில் ஒரு மதிப்புரையைக் காட்டினான். ஐந்து நட்சத்திரம். எழுதியவர் எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார். வேலூர்க்காரர், கடை திறந்த நாளிலிருந்தே வாடிக்கையாளர். ஆங்கிலத்தில், ராணுவச் சுருக்கத்தோடு எழுதியிருந்தார்: நேரில் செல்லவும். ஒரு வடை இலவசம். கடவுள் இவர்களை ஆசீர்வதிப்பாராக.

அதற்குக் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: நான் இந்தச் செயலியில்தான் வாங்குகிறேன், எனக்கு ஏன் வடை வரவில்லை? அந்தக் கேள்விதான் நிறுவனம் வரை போயிருக்கிறது.

சமையலறையிலிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் அரிசி அளக்கும் படி. "மைனி, வாங்க. நாளைக்கு அரிசி ஊறப் போடணும். இந்தக் குளிர்ல மாவு பொங்க நேரமெடுக்கும், மத்தியானமே ஆட்டிரணும். முழுசாப் போடவா, பாதி போடவா? அத மட்டும் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு விஷயத்தின் எடை தெரிந்தது. ஏற்றுக்கொண்டால் முழு அரிசி, கொசுறு கிடையாது. ஏற்காவிட்டால் கொசுறு உண்டு, ஆனால் பாதி அரிசிக்கே ஆள் வருமா என்பது சந்தேகம்.

"கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போம்," என்றான் தம்பி. "செத்துப் போயிர மாட்டாவ யாரும்."

"நிறுத்துங்க. நாளையிலேருந்து நீங்களே பொட்டலம் கட்டுங்க. காச வாங்கிட்டு மூஞ்சியப் பாக்காம திரும்பிக்க எனக்குத் தெரியாது."

நான் பொங்கலைச் சாப்பிட்டபடி யோசித்தேன். பெரிய செயலிகள் இப்படி நிபந்தனை போடலாமா, அவை தவறு செய்த பிறகு விசாரிப்பது போதுமா, முன்கூட்டியே கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டுமா என்றெல்லாம் அந்த ஆண்டு நாளிதழ்களில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. நான் அதையெல்லாம் விடாமல் படித்திருந்தேன். ஆனால் படித்ததை மிளகு தாளித்த நெய் வாசனைக்கு நடுவில் சொல்ல வேறு வார்த்தை வேண்டியிருந்தது.

"எங்க பில்டிங்ல லிஃப்ட் பராமரிப்புக்குத் தரைத்தள வீட்டுக்காரரும் கட்டுறார்," என்றேன். "அவர் லிஃப்ட்ல ஏறுறதே இல்ல. இதுவும் அப்படித்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து குடுக்கச் சொல்றவங்களுக்காக அவன் எடுக்குற பங்க, மழையில நடந்து வந்து வாங்குறவரும் சேத்துக் கட்டுறார். ஒரே வித்தியாசம், லிஃப்டுக்கு நாங்க எல்லாரும் கூட்டம் போட்டு ஒத்துக்கிட்டோம். இதுக்கு யாரு கூட்டம் போட்டா?"

"அப்ப நான் குடுக்க வடை, நடந்து வந்ததுக்குக் கூலின்னு வச்சுக்கிடுங்க," என்றாள் அவள்.

பதினொரு மணிக்கு நிறுவனத்தின் ஆள் நேரிலேயே வந்தார். கோந்த்வா, வானவடிக் கடைகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். மராத்திக்காரர். மழைக்கோட்டைக் கழற்றி வாசலிலேயே மாட்டிவிட்டு, ஈரக் காலைச் சாக்கில் நன்றாகத் துடைத்த பிறகுதான் உள்ளே வந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்தியில் பேசினார்; அண்ணியை வஹினி என்றும் சித்தியைக் காகூ என்றும் அழைப்பது மட்டும் மராத்தியில்.

"வஹினி, நேர்ல வர்றவங்களுக்கு ஒரு வடை இலவசமாத் தர்றீங்க. செயலியில வாங்குறவங்களுக்குத் தரலை. இதுதான் பிரச்சினை."

"அவங்க முகம் எனக்குத் தெரியாதே," என்றாள் தம்பி மனைவி. அவளுடைய இந்தி திருநெல்வேலியில் ஏறி புனேயில் இறங்கிய இந்தி.

"முகம் எதுக்கு?"

"முகத்தப் பாத்துத்தான் என்ன குடுக்கணும்னே தெரியும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, எல்லாருக்கும் அனுப்பிடுங்க. நான் பட்டியல்ல ஒரு பொருளாச் சேத்துடறேன். சின்ன வடை, இலவசம்." தன் கைபேசியில் தட்டினார். விலை இருக்க வேண்டிய கட்டம் பூஜ்யத்தை ஏற்கவில்லை. மறுபடி தட்டினார். மறுபடியும் சிவப்பாகியது. "ஒரு ரூபாய் போடட்டுமா?"

"விலை போட்டா அது வடை. கொசுறு இல்ல."

அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. நான் விளக்கினேன். "அட," என்றார், "ஏரவாடாவில எங்க அம்மா கொத்தமல்லி சும்மாக் குடுக்காத காய்கறிக்காரிகிட்ட மறுவாரம் போகவே மாட்டாங்க. அதுதானே?" அதேதான் என்றேன். அவர் முகம் இன்னும் வாடியது. தெரியாத விஷயமாக இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாசல் கூரைக்கடியில் நின்று மேலதிகாரியிடம் பேசினார். எங்களுக்குக் கேட்டது. "இல்லை மேடம், அளவு நிரந்தரம் இல்லை... இல்லை, எல்லாருக்கும் வடை இல்லை, சிலருக்குத் தோசை... எப்படி முடிவு பண்றாங்களா? முகத்தைப் பாத்து, மேடம். முகம். ஆமா, முகம்தான்." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

உள்ளே வந்தவரிடம் நான் கேட்டேன்: "வாசல்ல வந்து வாங்குறவருக்கு நீங்க வண்டி அனுப்பலை, படம் காட்டலை. அவருக்குக் கடைக்காரர் ஒரு வடை குடுத்தா உங்களுக்கு என்ன குறையுது?"

அவர் மழுப்பவில்லை. "எல்லாரும் எங்ககிட்ட கடையப் பாத்துட்டு நேர்ல வந்து வாங்க ஆரம்பிச்சுட்டா நாங்க எதுக்கு, காகூ?"

அதில் நியாயம் இல்லாமலில்லை. கடை திறந்த முதல் மழைக்காலத்தில் இந்தச் சந்து யாருக்கும் தெரியாது. மணி அடித்துத்தான் அடுப்பு எரிந்தது. தம்பி அதை எப்போதும் மறைத்ததில்லை, அப்போதும் தலையாட்டினான். "ஆனா கடையக் காட்டுனவங்க கல்லாக்குள்ள வந்து உக்காரக் கூடாதுல்லா," என்று தமிழில் என்னிடம் சொன்னான். நான் அதை இந்தியில் சொன்னேன்.

"நான் உங்க பக்கம்தான்," என்றார் இளைஞர். "ஆனா என் முன்னாடி இருக்கிற திரையில 'முகம் பார்த்து'ன்னு ஒரு கட்டம் இல்லை. ஏழு மணிக்குள்ள ஏத்துக்கலைன்னா தானாவே கீழ போயிடும். யாரும் தள்ள வேண்டியதில்லை."

அம்மாவுக்கென்று இரண்டு பிளேட் இட்லி கட்டச் சொன்னார். தம்பி காசு வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கொடுத்தார். தம்பி மனைவி பொட்டலத்தைக் கட்டினாள். வழக்கம்போல நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு சின்ன வடைகளைத் தாளில் சுற்றி மேலே வைத்தாள். அவர் அதையும் எங்களையும் பார்த்துவிட்டு, "இதை நான் எங்கேயும் பதிவு செய்ய மாட்டேன்," என்று மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

வண்டிச் சத்தம் மறைந்ததும் தம்பி மனைவி சமையலறைக்குள் போனாள். அரிசி தகரத்தில் விழும் சத்தம் கேட்டது. நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காதைக் கூர்மையாக்கினோம். பாதி அளவில் சத்தம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எவ்வளவு போடுவாளோ அவ்வளவும் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

"ஏட்டி, முழுசாப் போட்டியா?" என்றான் தம்பி.

"போட்டாச்சு. இனி ஆளு வராட்டா உங்க அக்கா வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் ஒரு வாரத்துக்கு இட்லிதான். மைனி, புளிச்ச மாவுல ஊத்தப்பம் நல்லா வரும், கவலப்படாதிய."

டேப்லெட்டில் பொத்தான்கள் மறுபடி வந்தன. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு 'பிறகு நினைவூட்டு' என்பதைத் தொட்டாள். அது நினைவூட்டிக்கொண்டே இருந்தது. நான் காய்கறி வாங்கும் வேலையை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். சனிக்கிழமை மதியம் எனக்கு அலமாரி ஒழுங்கு செய்யும் நேரம். அன்று கிரைண்டருக்கு உளுந்து தள்ளிக் கொடுத்தேன்.

நான்கு மணிக்குச் சுபேதார் குடையை மடக்கியபடி வந்தார். சனிக்கிழமை நான்கு மணிக்கு அவருக்கு சாம்பார் வடை. எங்களைப் பார்த்ததும், "என்னம்மா, ரோல் கால்ல பேர் விட்டுப்போன மாதிரி நிக்கறீங்க?" என்றார்.

தம்பி நடந்ததைச் சொன்னான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் மதிப்புரையைத் தானே ஒரு முறை படித்தார்.

"நான் நல்லதுதானே எழுதினேன்?"

"நல்லதா எழுதினதுதான் சாப் வம்பாப் போச்சு. நாலு வரி திட்டி எழுதியிருந்தியன்னா ஒரு தொந்தரவும் இல்ல," என்றான் தம்பி.

"அவ்ளோதானே? இப்பவே திருத்திடறேன்." கைபேசியைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, எழுதப் போவதை உரக்கச் சொன்னார்: "'வடை இலவசம் இல்லை. யாரும் அங்கே போக வேண்டாம். கடவுள் இவர்களை ஆசீர்வதிப்பாராக.' சரியா?"

காலையிலிருந்து சிரிக்காத தம்பி மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்துத் தம்பி சிரிக்க, என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் சுபேதாரும் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் அவர் கேட்டார்: "நாளைக்கு எவ்ளோ இட்லி?"

"அரிசி முழுசா ஊறி ஆட்டியும் ஆச்சு," என்றேன்.

"அப்ப ஆளும் முழுசா வேணும்." அவருக்கு ஒரு நடைக்கோஷ்டி உண்டு. ஓய்வுபெற்ற ராணுவத்தினர், அவர்களோடு சேர்ந்துகொண்ட வங்கிக்காரர்கள், ஆசிரியைகள். மராத்தி, பஞ்சாபி, தமிழ் எல்லாரும் உண்டு. மழையானாலும் மழைக்கோட்டோடு நடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்து ஒரு வண்டிக் கடையில் போஹா என்கிற அவல் உப்புமாவும் தேநீரும் சாப்பிட்டுக் கலைவார்கள். சுபேதார் கைபேசியை வாயருகே வைத்து இந்தியில் ஆணை பிறப்பித்தார்: "நாளை காலை போஹா ரத்து. இட்லி. வீட்டுக்கும் வாங்கவும். அவரவர் டப்பா அவரவர் கொண்டு வரவும். ஆஜர் கட்டாயம்." பிறகு தமிழில் எங்களிடம், "இலவச வடை விஷயத்தை நான் சொல்லலை. அதை எழுதித்தான் இந்த வினை. நேர்ல வந்து தெரிஞ்சுக்கட்டும்," என்றார்.

பதில்கள் வரத் தொடங்கின. கட்டைவிரல்கள், கைகூப்பல்கள். "இவங்க எல்லாத்துக்கும் கட்டைவிரல் காட்டுவாங்க," என்று தம்பி முணுமுணுத்தான். "வந்தாத்தான் நிஜம்."

ஏழு மணிக்கு மூவரும் டேப்லெட்டைச் சுற்றி நின்றோம். ஒன்றும் வெடிக்கவில்லை. பொத்தான்கள் மறைந்தன, அவ்வளவுதான். தம்பி தன் கைபேசியில் வாடிக்கையாளரைப்போல் செயலியைத் திறந்து, இட்லி என்று தேடினான். எங்கள் கடை முதல் வரிசையில் இல்லை. விரலைத் தள்ளினான். பிரியாணி வந்தது, மோமோ வந்தது, பீட்சா வந்தது. இட்லி தேடுகிறவருக்கு இவையெல்லாம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் கிடைத்தோம்.

"மைனி, நம்மள கேக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவுல குடி வச்சிருக்காவ," என்றாள் தம்பி மனைவி. "அக்கம்பக்கம் நல்ல அக்கம்பக்கம்தான்."

இன்றும் கடை அங்கேதான் இருக்கிறது. பொறுமையாக விரலைத் தள்ளினால் வரும்.

அன்று நான் கிளம்பும்போது தம்பி மனைவி மாவுத் தவலையை மூடி, மேலே ஒரு பழைய கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். புனே மழையில் மாவு பொங்க அவள் கண்ட வழி அது. சால்வையின் ஓரங்களைக் குழந்தைக்குச் செருகுவதுபோலச் செருகினாள். "நீங்க நாளைக்கு வர வேண்டாம் மைனி, ஞாயித்துக்கிழம உங்களுக்கு வேலை இருக்கும்," என்றாள்.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தேன். காப்பி போடவில்லை, டைரியைத் திறக்கவில்லை. முதல் வேலையாக, அலமாரி மேல் தட்டிலிருந்த அடுக்குக் கேரியரை இறக்கிக் கழுவித் துடைத்து, ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கோந்த்வாவுக்குப் போனேன். சந்து முனையிலேயே மழைக்கோட்டுகள் தெரிந்தன. மஞ்சள், நீலம், ராணுவப் பச்சை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு டப்பா. சுபேதார் வரிசையை நேராக்கிக்கொண்டிருந்தார். முன்னால் போகப் பார்த்த என்னை, "மேடம், பின்னாடி," என்று அனுப்பிவிட்டார். நின்றேன். என் முறை வந்தபோது தம்பியிடம் காசை நீட்டினேன்.

"யக்கா, உங்கிட்டயா காசு?"

"வாங்குலே. இன்னிக்கு நான் வீட்டு ஆள் இல்ல."

அவன் வாங்கிக் கல்லாவில் போட்டான். தம்பி மனைவி இட்லிகளை அடுக்கினாள், சட்னியை ஊற்றினாள், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எண்ணெய் வடிந்துகொண்டிருந்த ஒரு சின்ன வடையை எடுத்து மேலடுக்கில் வைத்தாள். கேரியரை மூடுவதற்கு முன்பே, மழையில் நின்றபடி, அதை எடுத்துச் சாப்பிட்டேன்.